காப்புக் கட்டிய சைக்கிள்

கியர் நகராமல் மாட்டிக்கொண்ட சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒருவர் கடைக்கு வந்தால் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? வயரை என்பீர்கள். ஸ்பிரிங்கை என்பீர்கள். போன மாதம் உங்கள் கடைக்கு வந்திருந்தேன் அல்லவா, அப்போது கவனித்தேன். வண்டி வந்து நின்ற மாத்திரத்தில் ஒரு தம்பி ஸ்பேனரோடு பாய்ந்துவிட்டார். வண்டிக்காரர் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் வேறொருவர் கடையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறவன் சும்மா இருப்பதுதான் மரியாதை என்று சும்மா இருந்தேன். அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் போய் பஞ்சர் ஒட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் காவலூரில் எனக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. உங்கள் கடை மாதிரி கண்ணாடிக் கதவெல்லாம் இல்லை. வாடகைக்கு விட நாலைந்து வண்டி, காற்றடிக்க ஒரு பம்பு, பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். நட்சத்திரம் பார்க்கும் நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் வருவார்கள், மலைக் கிராமங்களிலிருந்து புளியும் சாமையும் ஏற்றிப் போகிறவர்கள் வருவார்கள். வந்த வண்டிகள் எல்லாம் ஒரே பற்சக்கரம் வைத்த கறுப்பு வண்டிகள். கியர் வண்டியை வேலூரில் வேலை கற்றுக்கொண்ட நாளில் இரண்டு மூன்று தடவை பிரித்துப் பார்த்ததோடு சரி. அதற்குப் பிறகு அந்தக் கடை நாட்களில் நான் கண்ணால் பார்த்த கியர் வண்டி, இப்போது நான் சொல்லப்போகும் இந்த ஒன்றுதான்.

அந்த நாள் கியர் வண்டி உங்களுக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூன்றே கியர். எல்லாம் பின் சக்கரத்து ஹப்புக்குள் ஒளிந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஹேண்டிலில் ஒரு சின்ன லீவர். அதிலிருந்து ஒரு வயர், சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே இருக்கும் பாரை ஒட்டிக்கொண்டே போய் பின் ஹப்புக்குள் இறங்கும். வயர் தொய்வாக இருந்தால் கனமான கியர், மேடு ஏறினால் முட்டி கழன்றுவிடும். வயரை இழுத்துப் பிடித்தால் லேசான கியர், மேட்டிலும் சொகுசாக ஏறலாம். நடுக் கியருக்கும் கனமான கியருக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. வயர் அங்கே நின்றுவிட்டால் பெடல் எதையும் பிடிக்காது, வெறுமனே சுற்றும். இந்த நடு இடத்தை மட்டும் மறக்காதீர்கள்.

ஒரு நாள் காலையில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். மலை ஊர்ப் பெண் இல்லை என்று சேலை கட்டியிருந்த விதத்திலேயே தெரிந்தது. நடந்து வந்த களைப்பில் மூச்சு வாங்கியது.

"அண்ணா, கியர் வண்டி பாப்பீங்களா?"

"பாக்கலாம். எங்க வண்டி?"

"ஓடிக்கினு கீதுங்க."

"ஓடிக்கினு கீற வண்டிக்கு இன்னா ரிப்பேரு?"

"நிக்கக் கூடாதுங்க. அதாங்க ரிப்பேரு."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் காலத்தில் சைக்கிள் சுற்றுகிறவர்கள் ஊர் ஊராக வருவார்கள். ஊர் நடுவே ஒரு கம்பம் நட்டு, அதைச் சுற்றி ஏழு நாள் இறங்காமல் ஓட்டுவார்கள். சாப்பாடு, குளியல், சவரம், கோழித்தூக்கம் எல்லாம் வண்டி மேலேயேதான். கால் தரையில் படக்கூடாது. பட்டால் ஆட்டம் முடிந்தது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு ஒரு சாக்குப் படுதா கட்டியிருப்பார்கள். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் சரோஜா. ஓட்டுகிறவர் அவள் புருஷன் முனிரத்தினம். காவலூரைத் தாண்டி உள்ளே ஒரு மலைக் கிராமத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ் கிடையாது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவளோடு நடந்தேன். வழியில் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கலசப்பாக்கத்துப் பக்கம் ஒரு ஊர்ல சுத்தினாருங்க. நல்லாத்தான் போய்க்கினு இருந்துச்சு. திடீர்னு செயின் அந்துபோச்சு. ஊர்ப் பெரியவங்கள கேட்டாரு, ஒரு கால வெச்சு மாட்டிக்கட்டுமான்னு. மாட்டிக்கோன்னு தலைய ஆட்டுனாங்க. கால வெச்சாரு. அவ்ளோதான், தோத்துட்டான் தோத்துட்டான்னு ஒரே கூச்சலு. கம்பத்தப் புடுங்கிப் போட்டுட்டாங்க. தலைய ஆட்டுனவங்களே ஏமாத்துக்காரன்னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"சந்தைக்குச் சந்தை பேச்சு போய்டுச்சு. எந்த ஊர்லயும் கம்பம் நட உடல. இந்த மலைக்குத்தான் அந்தப் பேச்சு இன்னும் ஏறல. இங்கயும் கால் பட்டுச்சுன்னா முடிஞ்சுதுங்க. அவருக்கு இத்த உட்டா வேற இன்னா தெரியும்?"

அவள் அழவில்லை. வழியில் வெயில் எப்படி, பாதை எப்படி என்று சொல்கிறவள் மாதிரிதான் சொன்னாள்.

கிராமத்துக்குப் போனதும் வண்டியைப் பார்க்கும் முன் இடத்தைப் பார்த்தேன். மலையில் சமதளம் என்பது வீட்டுக்குள்ளே கூட அபூர்வம். அவர் சுற்றிக்கொண்டிருந்த களமும் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் இறக்கம். ஒவ்வொரு சுற்றிலும் பாதி ஏற்றம், பாதி சறுக்கல். முனிரத்தினம் இத்தனை நாள் மேட்டில் லேசான கியரைப் போட்டு ஏறி, இறக்கத்தில் கனமான கியருக்கு மாற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறார். வேலூரில் யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன வண்டியை அதற்காகத்தான் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார். இப்போது கனமான கியரிலேயே மாட்டிக்கொண்டது. மேட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் சீட்டை விட்டு எழுந்து, பல்லைக் கடித்து, முழு உடம்பையும் பெடல் மேல் போட்டு ஏற்றினார். வலது முட்டி வீங்கிப் பளபளவென்று இருந்தது. இன்னும் மூன்று நாள் பாக்கி.

நான் பக்கத்தில் ஓடிக்கொண்டே கேட்டேன்.

"இன்னாபா ஆச்சு?"

வாயால் பதில் சொல்ல அவருக்கு மூச்சு இல்லை. கண்ணால் ஹேண்டிலைக் காட்டினார்.

லீவர் மேலே மஞ்சள் துணி சுற்றி, நடுவில் மஞ்சள் கிழங்கு வைத்து, நூலால் இறுக்கமாக முடிச்சுப் போட்டிருந்தது. காப்பு. அந்த மலையில் ஒருவர் ஒன்றை நேர்ந்துகொண்டு இறங்கினால் அது முடிகிறவரை கையில் காப்புக் கட்டிவிடுவார்கள். முடிந்த பிறகு கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். முனிரத்தினம் கூத்துக்காகச் சுற்றுகிறார் என்று அவர்கள் நினைக்கவில்லை. ஒரு மனிதன் ஏழு நாள் மண்ணை மிதிக்க மாட்டேன் என்கிறான் என்றால் அது வேண்டுதல் தவிர வேறென்ன? அதனால் முந்தின நாள் ஊர்த் தலைவர், அங்கே நாட்டார் என்பார்கள், மேளத்தோடு வந்து அவர் மணிக்கட்டில் காப்புக் கட்டியிருக்கிறார். அப்போது பெண்கள், "அவரோட வண்டியும்தான நிக்காம சுத்துது, அதுவும் வெரதம்தான, அதுக்கும் ஒண்ணு கட்டுங்க" என்றிருக்கிறார்கள். நாட்டார் ஹேண்டிலில் துருத்திக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்து, முடிச்சு வழுக்காமல் நிற்கும் என்று அங்கேயே கட்டிவிட்டார். அதற்கு மேல் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரத்தில் நூல் ஊறி, வெயிலில் காய்ந்து சுருங்கி, லீவரை இரும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டது. கட்டியபோது வண்டி இறக்கத்தில் வந்துகொண்டிருந்தது, கனமான கியரில்.

வயரில் கோளாறு இல்லை, ஸ்பிரிங்கில் கோளாறு இல்லை. மரியாதை செய்ததில் மாட்டிக்கொண்ட கியர். இதை எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறான், சொல்லுங்கள்.

சரோஜா என்னைத் தனியே அழைத்து, "குளிக்கறப்ப படுதா கட்டுவோம். அப்ப பிளேடால அறுத்துடுங்கண்ணா. வேற நூல நானே கட்டிடறேன், யாருக்கும் தெரியாது" என்றாள்.

எனக்கும் முதலில் அது சரியென்றுதான் பட்டது. பையில் பிளேடு இருந்தது. மறுபடி முனிரத்தினத்தின் பக்கத்தில் ஓடினேன். இறக்கத்தில் வந்ததால் இந்தத் தடவை பேச முடிந்தது.

"அறுத்தா நான் எறங்கிடுவேன்ணா" என்றார். "இங்க ஒருத்தரும் என்ன சந்தேகப்படல. நைட்டு கூட காவலுக்கு ஆள் போடல, தெரியுமா? இவங்க கட்டுனத படுதாவுக்குள்ள அறுத்துட்டு வெளிய வந்து எப்படிச் சுத்துவேன்?"

"சரி, நாட்டாராண்ட நான் போய்க் கேக்கறேன். நீ ஒண்ணும் சொல்ல வேணாம்."

"கேக்காதீங்க." மேடு வந்துவிட்டது. எழுந்து நின்று மிதித்துக்கொண்டே, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். "ஒரு தடவ கேட்டவன் நான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அறுக்காதே என்கிறான், கேட்காதே என்கிறான், வண்டியை நிறுத்தாதே என்கிறான், ரிப்பேரை மட்டும் செய் என்கிறான். கையைக் கட்டிப்போட்டுவிட்டு நீச்சலடி என்றால் எப்படி? போய்யா நீயும் உன் கியரும் என்று திரும்பிவிடலாமா என்று கூட நினைத்தேன். பையைத் தோளில் மாட்டியும் விட்டேன். அப்போது மேட்டு விளிம்பில் அவர் முட்டி ஒரு தடவை நடுங்கி மடங்கியது. விழவில்லை. அடுத்த சுற்றிலோ அதற்கடுத்த சுற்றிலோ விழுந்துவிடுவார் என்பது எனக்குத் தெரிந்தது. பையைக் கீழே வைத்தேன்.

பிள்ளைகளே, இதை மட்டும் நிறுத்திப் படியுங்கள். வாடிக்கையாளர் சொல்கிற நிபந்தனை உங்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தெரியும். பல நேரம் அது கிறுக்குத்தனமாகவும் இருக்கும். ஆனால் விழப்போகிற கால் அவருடையது. அந்தக் காலில் என்னென்ன பட்டிருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். எல்லையை அவர் போடட்டும். அந்த எல்லைக்குள் உங்களால் செய்ய முடியுமா முடியாதா என்று மட்டும் பாருங்கள். முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிட்டு வாருங்கள், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. எல்லையை மீறிவிட்டு நல்லது செய்தேன் என்று மட்டும் வராதீர்கள்.

நான் யோசித்தேன். வயரின் ஒரு முனை காப்புக்குள் இருக்கிறது, தொடக்கூடாது. மறு முனை சுற்றுகிற சக்கரத்தில் இருக்கிறது, தொட முடியாது. நடுவே, பாரை ஒட்டி, வயர் வெறுமனே கிடக்கிறது. அதை யாரும் கட்டவில்லை. அந்த வயருக்கும் பாருக்கும் நடுவே ஒரு ஆப்பைச் செருகினால் என்ன? வயர் மேலே எழும்பும், எழும்பினால் இழுபடும், இழுபட்டால் லேசான கியர் விழும்.

கேட்கச் சுலபம். ஆப்பு மெல்லிசாக இருந்தால் வயர் அந்த நடு இடத்தில் நின்றுவிடும். அவர் மேட்டில் முழு பலத்தோடு மிதிக்கும்போது பெடல் வெறுமனே போனால், கால் நேராகத் தரைக்குத்தான். ஆப்பு தடிமனாக இருந்தால் பழைய வயர் அறுந்துவிடும். அறுந்தால் கடைசிவரை கனமான கியர்தான். முன்னாடியே போட்டுப் பார்க்கவும் வழியில்லை. அதனால் ஒரு புளியங்கட்டையை வாங்கி, ஒரு முனை நாக்கு மாதிரி மெலிந்தும் மறு முனை தடித்தும் இருக்கிற மாதிரி சீவிக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளலாம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவர் கால்தான் சொல்ல வேண்டும்.

"இறக்கத்துல மட்டும்தான் தள்ளுவேன்" என்று அவரிடம் சொன்னேன். "அப்போ பெடல மிதிக்காத. நான் சொன்னதும் பூ மாதிரி கால வெச்சிப் பாரு. வெறும் காலா போச்சுன்னா உடனே சொல்லு. மேடு ஏறிடாத."

களத்தைச் சுற்றி நின்றவர்களுக்கு நான் ஏன் கட்டையோடு ஓடுகிறேன் என்று தெரியவில்லை. "சைக்கிள்காரரும் வேண்டுதலா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆப்பை வேட்டியில் துடைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் ஓடினேன்.

முதல் இறக்கத்தில் ஆப்பின் மெலிந்த முனையை வயருக்கடியில் நுழைத்தேன். அது பாதி உள்ளே போவதற்குள் இறக்கம் முடிந்துவிட்டது. அவர் காலை வைத்துப் பார்த்தார். பூ மாதிரி வை என்று சொன்னேன், ஆனால் நாலு நாள் தூங்காத காலுக்குப் பூ எது, கல் எது என்று தெரியவில்லை. அழுத்திவிட்டார். பெடல் வெறுமனே சுழன்றது. உடம்பு வலப்பக்கம் சாய்ந்து, கால் பெடலை விட்டு வெளியே வீசியது. ஒரு முழம் கூட இல்லை தரைக்கு. என் கை தானாக அவர் சீட்டைப் பிடிக்கப் போனது.

பிடித்திருந்தால் விழாமல் நின்றிருப்பார். ஆனால் பிறகு ஒருவர் சொல்வார், "சைக்கிள்காரன் புடிச்சிக்கினான்" என்று. இன்னொருவர் அதைச் சந்தையில் சொல்வார். நான் கையை இழுத்துக்கொண்டேன். என் ஆயுளில் நான் செய்த வேலைகளில் கஷ்டமான வேலை அதுதான், ஒரு மனிதன் விழும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டது. அவர் ஹேண்டிலை வெடுக்கென்று ஒடித்தார், வண்டி குறுக்கே திரும்பி மறுபடியும் இறக்கத்துப் பக்கமே உருண்டது. கால் பெடலுக்கு வந்துவிட்டது. சரோஜா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"மிதிக்காத, மிதிக்காத" என்று கத்திக்கொண்டே ஓடி, கட்டையை உள்ளங்கையால் ஒரே தள்ளாகத் தள்ளினேன். வயர் வீணைத் தந்தி மாதிரி விறைத்தது. ஹப்புக்குள் டிக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை உங்கள் பத்துப் பற்சக்கர வண்டிகளில் கேட்க முடியாது.

"இப்ப மிதி."

மிதித்தார். பிடித்தது. மேடு வந்தது. சீட்டை விட்டு எழவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே, கோயிலுக்குப் போகிற கிழவர் மாதிரி மெல்ல ஏறிப் போனார். அடுத்த இறக்கத்தில் பழைய டியூபைக் கிழித்து ஆப்பை பாரோடு கட்டிவிட்டேன். முனிரத்தினம் கண்ணை மூடி மூடித் திறந்தார். அன்று சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, கட்டை நகரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கடை பூட்டிக் கிடந்ததற்கு என் வீட்டுக்காரி பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

ஏழாம் நாள் போனேன். ஊரே களத்தில் இருந்தது. மேளம் அடித்தார்கள். கடைசிச் சுற்று முடிந்ததும் நாட்டார் வண்டியோடு கூடவே நடந்து, முனிரத்தினத்தின் மணிக்கட்டிலிருந்த காப்பை அவிழ்த்து, "எறங்குபா" என்றார். அவர் இறங்கினார். முட்டி நிற்கவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சரோஜா வந்து முதுகைத் தாங்கிக்கொண்டாள்.

பிறகு நாட்டார் வண்டிக் காப்பை அவிழ்க்கக் குனிந்தார். பல்லால் கடித்துத்தான் முடிச்சைத் தளர்த்த முடிந்தது. துணி விலகியதும் லீவர் தெரிந்தது. அவர் பார்வை லீவரிலிருந்து வயர் வழியாகப் போய் என் கட்டையில் நின்றது.

"இது இன்னா கட்ட?"

முனிரத்தினத்தைப் பார்த்தேன். சொல்லுங்கள் என்பது போலத் தலையை அசைத்தார். நான் சொன்னேன்.

"அப்போ நாங்க கட்டுனதுலதான் மாட்டிக்கிச்சா?"

"ஆமாங்க."

"அந்த முட்டி வீங்குனது அதாலதானா?"

"ஆமாங்க."

நாட்டார் என் பக்கம் திரும்பினார். உண்மையான கோபம் அது.

"ஏன் சைக்கிள்காரரே, உங்களுக்கு வாய் இல்லியா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே அவுத்து அந்தாண்ட கம்பியில கட்டியிருப்பேனே. காப்பு வண்டிக்குத்தான கட்டுனோம், அந்தக் கொக்கிக்கா கட்டுனோம்? எங்களப் பாத்தா கல்லு மாதிரி கீதா உங்களுக்கு?"

மண்ணில் உட்கார்ந்திருந்த முனிரத்தினம்தான் பேசினார்.

"அவர ஏசாதீங்க அய்யா. நான்தான் கேக்க வேணாம்னேன். ஒரு ஊர்ல கேட்டேன் அய்யா."

சரோஜா அவர் தோளை அழுத்தினாள், பேசாதே என்று. அவர் நிறுத்தவில்லை. எந்தப் பேச்சு இந்த மலைக்கு ஏறிவிடக் கூடாது என்று பயந்தாரோ, அதை அத்தனை பேர் முன்னால் தானே சொன்னார். செயின் அறுந்தது, கேட்டது, தலையாட்டியது, காலை வைத்தது, கம்பத்தைப் பிடுங்கியது, எல்லாம். களத்தில் மேளம் நின்றுபோயிருந்தது. யாராவது ஒருவர் இப்போது சிரித்துவிட்டால் என்ன ஆகும் என்று சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தேன்.

நாட்டார் அவருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கால வெச்சது செயினு மாட்டறதுக்குத்தான?"

"ஆமாங்க அய்யா."

"மாட்டிட்டு மறுபடியும் ஏறியிருப்பியா?"

"ஏறத்தான் போனேன். ஏற உடலியே அய்யா."

நாட்டார் எழுந்துகொண்டே சொன்னார்.

"அப்போ நீ எறங்கல. அவங்க எறக்கி உட்டாங்க."

வீங்கின முட்டியோடு மேடு ஏறியபோதும் வலிக்கிறது என்று ஒரு தடவை கூடச் சொல்லாத மனிதர், அங்கே மண்ணில் உட்கார்ந்துகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். அழுகைக்கு நடுவே பின்னால் திரும்பி, "கேட்டியா சரோஜா, கேட்டியா" என்றார்.